பேச்சும் சபையும்

(தமிழாசிரியர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இடத்துக்கும் காலத்துக்கும் கேட்பவருக்கும் ஏற்ப நம்முடைய பேச்சு எவ்வாறு மாறுகிறது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம். பேச்சுமொழி என்றவுடன் கற்றவர்களில் பலருக்கு இரண்டு அபிப்பிராயங்கள் முந்திக்கொண்டு எழுவதுண்டு. அது இலக்கணத்தைத் தொலைத்துவிட்ட கொச்சை என்பது ஒன்று. ஆளுக்கு ஒரு விதமாகப் பேசுவது உள்ளொன்றும் புறமொன்றுமாக நடிப்பவனுடைய காரியம் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் பிழையான எண்ணங்கள். எதிரே இருப்பவர் யார், சந்தர்ப்பம் என்ன என்பதை ஒரு கணத்தில் உணர்ந்து, அதற்கு இசைய நாவைத் திருப்பிக்கொள்ளும் ஆற்றல் மனிதனுக்கு வாய்த்த பெருஞ் சம்பத்து என்பதையும், அந்தச் சம்பத்தை மாணவர்களுக்குக் குறைவின்றி அளிப்பது ஆசிரியத் தொழிலின் தலையாய கடமை என்பதையும் இயன்றவரை விளக்கிச் சொல்ல விரும்புகிறேன்.

திருநெல்வேலிச் சீமையில் ஒரு கடைவீதிக்குச் சென்று, அங்குள்ள ஜவுளிக்கடை ஒன்றில் ஒரு நாழிகை உட்கார்ந்து, முதலாளியின் பேச்சை மாத்திரம் கவனித்துப் பாருங்கள். கல்யாணச் சேலை எடுக்க வந்த முதிய அம்மாளைக் கண்டதும், "வாங்க ஆச்சி, உக்காருங்க, வெயில்ல வந்திருக்கீக, கொஞ்சம் தண்ணி குடிங்க" என்கிறார். அந்த மூச்சு அடங்குவதற்குள் கடைப்பையன் பக்கம் திரும்பி, "ஏலே, மேல்தட்டுல இருக்க அந்தப் பச்சையை எடுத்துப் போடுலே" என்கிறார். பக்கத்துக் கடைக்காரர் தலையை நீட்டினால், "என்ன அண்ணாச்சி, யாவாரம் எப்படி?" என்று குரல் சமநிலைக்கு வந்துவிடுகிறது. வரிக் கணக்குப் பார்க்க அதிகாரி வந்தாரானால், "கணக்கெல்லாம் தயாரா இருக்கு சார், பாக்கலாம்" என்று அதே குரல் சுருங்கிப் பணிவு கொள்கிறது. அன்று மாலையே பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் தலைமை வகிக்க அவரை அழைத்திருந்தால், "பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, இந்த இனிய விழாவில் கலந்துகொள்ளும் வாய்ப்பை அளித்தமைக்கு நன்றி தெரிவித்துக்கொள்கிறேன்" என்று, காலையில் கடைப்பையனோடு பேசிய நாவே செந்தமிழ் பேசுகிறது.

இந்த மனிதர் யாரையும் ஏமாற்றவில்லை. விளிச்சொல் மாறியது, வினைமுற்று மாறியது, வாக்கியத்தின் நீளமும் குரலின் ஏற்ற இறக்கமும் மாறின, மனிதர் மாறவில்லை. ஆச்சியிடம் "ஏலே" என்றும், கடைப்பையனிடம் "நன்றி தெரிவித்துக்கொள்கிறேன்" என்றும் அவர் பேசியிருப்பாரேயானால், அவருடைய புத்தி சுவாதீனத்தையே நாம் சந்தேகித்திருப்போம். அவர் எந்தப் பள்ளியிலும் இதைப் பாடமாகக் கற்கவில்லை. தாய் மடியிலும் தெருவிலும் கடையிலும் கேட்டுக் கேட்டே பயின்றார். எழுத்தறியாதவரும் இந்த வித்தையில் தேர்ந்தவராக இருப்பதைக் கிராமத்துப் பஞ்சாயத்துகளில் இன்றும் காணலாம்.

மேல்நாட்டு மொழியியலார் சென்ற நூற்றாண்டில் விரித்து ஆராய்ந்த இந்த உண்மையை, நம்முடைய இலக்கண ஆசிரியர்கள் மிகப் பழங்காலத்திலேயே கூர்ந்து நோக்கியிருக்கிறார்கள். வழக்கைச் செய்யுள் வழக்கு என்றும் உலக வழக்கு என்றும் பகுத்துப் பார்த்த தொல்காப்பியர், ஒரு பொருளை ஒருவரிடம் வேண்டிப் பெறுவதற்குரிய சொற்கள் மூன்றை எடுத்துக்கொண்டு விதி கூறுகிறார். தன்னிலும் உயர்ந்தாரிடம் கேட்பவன் "ஈ" என்பான். தன்னோடு ஒத்தாரிடம் கேட்பவன் "தா" என்பான். தன்னிலும் தாழ்ந்தாரிடம் கேட்பவன் "கொடு" என்பான். மூன்றுக்கும் பொருள் ஒன்றே; கையில் வந்து சேரும் பண்டமும் ஒன்றே. ஆயினும் கேட்பவனுக்கும் கொடுப்பவனுக்கும் இடையே உள்ள உறவு எதுவோ, அதுவே சொல்லைத் தேர்ந்தெடுக்கிறது. சொல்லுக்குப் பொருள் உண்டு என்பதோடு நில்லாமல், சொல்லுக்கு இடமும் உண்டு என்பதை இலக்கணமாகவே எழுதி வைத்த மரபு நம்முடையது.

ஒருவரைப் பலர்பாலால் சுட்டும் மரியாதை வழக்கையும் தொல்காப்பியர் விட்டுவைக்கவில்லை. ஒருவரைப் பன்மையாகக் கூறுவது இலக்கண நெறிப்படி அமைந்ததன்று. உயர்வு கருதி உலகத்தார் வழங்குவது என்று அவர் தெளிவாகப் பிரித்துரைக்கிறார். விதிக்கு அது பொருந்தவில்லை என்பதற்காக அதைப் பிழை என்று தள்ளாமல், மக்கள் எதைக் கருதி அவ்வாறு வழங்குகிறார்கள் என்று காரணம் கண்டு ஏற்றுக்கொண்ட அந்தப் பெருந்தன்மையை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

13ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், தகுதி வழக்கு என்ற பெயரால் மூன்றைத் தொகுத்துச் சொன்னார். சபையில் கூறத் தகாததை மறைத்துக் கூறுவது இடக்கரடக்கல். மங்கலமில்லாததை மங்கலமாக மாற்றிக் கூறுவது மங்கலம். ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மாத்திரம் விளங்கும்படி வழங்குவது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் "பறி" என்றும், யானைப்பாகர் ஆடையைக் "காரை" என்றும், வேடர் கள்ளைச் "சொல்விளம்பி" என்றும் வழங்கியதை உரைகாரர்கள் உதாரணமாகக் காட்டுகிறார்கள். முதலிரண்டும் கேட்பவருடைய மனம் நோவாமல் இருப்பதற்காக ஏற்பட்டவை. மூன்றாவது, அருகில் நிற்கும் அயலாருக்கு விளங்காமல் இருப்பதற்காக ஏற்பட்டது. பேசுகிறவன் தன் முன்னால் இருப்பவரை நினைத்தும் பேசுகிறான். பக்கத்தில் நின்று காதில் வாங்கிக்கொள்பவரை நினைத்தும் பேசுகிறான் என்பது இதனால் பெறப்படுகிறது.

இவை ஏட்டோடு நின்றுவிட்ட விதிகள் என்று எண்ண வேண்டாம். நம் வீடுகளில் விளக்கை அணைக்கச் சொல்வதில்லை. குளிர வைக்கச் சொல்கிறோம், மலையேற்றச் சொல்கிறோம். வெளியே புறப்படுகிறவர் "போகிறேன்" என்று சொல்லலாகாது. "போயிட்டு வரேன்" என்றே சொல்ல வேண்டும். ஆனால் அதே மனிதர் துக்க வீட்டிலிருந்து எழுந்திருக்கும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்லலாகாது. மற்ற எந்த வீட்டிலும் சொல்லாமல் புறப்படுவது அவமரியாதை. அந்த ஒரு வீட்டில் மாத்திரம் சொல்லாமல் எழுந்து போவதே மரியாதை. மீண்டும் இப்படியொரு காரியத்துக்கு இவ்வீட்டுக்கு வர நேரலாகாது என்ற நல்லெண்ணத்தை அந்த மௌனம் தாங்கி நிற்கிறது. சந்தர்ப்பம் பேச்சை ஆளும் வன்மைக்கு இதைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் வேறு வேண்டுவதில்லை.

இனி, எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள இடைவெளியைப் பற்றி ஒரு வார்த்தை. இத்தாலியிலிருந்து இந்நாட்டுக்கு வந்து, தேம்பாவணி பாடும் அளவுக்குத் தமிழில் தேர்ந்த வீரமாமுனிவர், ஐரோப்பியப் பாதிரிமார் தமிழ் கற்பதற்கென்று லத்தீன் மொழியில் இலக்கணம் எழுதப் புகுந்தபோது, செந்தமிழுக்கு ஒன்றும் கொடுந்தமிழுக்கு ஒன்றுமாக இரண்டு நூல்கள் எழுதினார். கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. காவியம் படிக்க ஒரு தமிழும், ஜனங்களோடு பழக ஒரு தமிழும் வேண்டும் என்பதை அந்த அயல்நாட்டார் அன்றே கண்டுகொண்டார். ஒரே சமூகத்தில் ஒரு மொழி உயர்நடை என்றும் இயல்புநடை என்றும் இரு வடிவங்களில் நின்று, ஒவ்வொன்றும் தனக்குரிய காரியத்தை மாத்திரம் செய்யும் நிலையை, அமெரிக்கப் பேராசிரியர் சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் எழுதிய ஒரு கட்டுரையில் அராபியம், கிரேக்கம், சுவிட்சர்லாந்து ஜெர்மன், ஹைட்டி நாட்டின் மொழி ஆகியவற்றைக் கொண்டு விளக்கினார். அதன் பின்னர் அறிஞர்கள் இத்தகைய இரட்டை வழக்குக்குத் தமிழையும் ஒரு சிறந்த சான்றாக எடுத்துக்காட்டி வருகிறார்கள்.

இயல்புநடைக்கு இலக்கணமே இல்லை என்போர் அதைச் செவி கொடுத்துக் கேட்டவர்கள் அல்லர். "இடம்" என்பது பேச்சில் "எடம்" ஆகிறது; "விலை" "வெலை" ஆகிறது; "உடம்பு" "ஒடம்பு" ஆகிறது; "குடை" "கொடை" ஆகிறது. இது நாவின் சோம்பலாயின், "கிளி" "கெளி" ஆகியிருக்க வேண்டும். "புளி" "பொளி" ஆகியிருக்க வேண்டும். அவ்வாறு ஆவதில்லை. இகரத்தையும் உகரத்தையும் அடுத்து ஓர் ஒற்றை மெய் நின்று, அதன்மேல் அகரமோ ஐகாரமோ ஏறி வரும்போதுதான் பெரும்பாலும் அந்த மாற்றம் நிகழ்கிறது. "இலை" "எலை" ஆகிறது. ஆனால் "இல்லை" என்பதில் மெய் இரட்டித்து நிற்பதால் "எல்லை" ஆவதில்லை. எழுத்து வாசனையே அறியாத ஒரு பாட்டி இந்த விதியை ஒரு நாளில் எத்தனையோ முறை தவறாமல் கையாள்கிறாள். விதி தவறாமல் நடப்பதை விதியற்றது என்று கூறுவது அறிவுடைமை ஆகாது.

ஒரு சொற்பொழிவில் சொற்பொழிவைப் பற்றியே கூறுவது பொருத்தம் என்று கருதுகிறேன். இன்று நாம் மேடைத் தமிழ் என்று வழங்குவது தொன்றுதொட்டு இருந்ததன்று. முற்காலத்தில் கோயில்களில் ஒருவர் புராணச் செய்யுளைப் படிக்க, மற்றொருவர் பொருள் விரிப்பார். சபை அமர்ந்து கேட்கும். யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலியத் தமிழாக்கத்தில் துணை புரிந்த ஆறுமுக நாவலர், கிறிஸ்தவப் பிரசங்கிகள் ஜனங்களை நேர்முகமாக நோக்கிப் பேசும் முறையை அருகிலிருந்து அறிந்தவர். அவர் 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம்முடைய முதற் பிரசங்கத்தைச் செய்தார். செய்யுளைச் சார்ந்து நின்ற பேச்சு, எதிரே அமர்ந்திருக்கும் கூட்டத்தை நோக்கித் திரும்பிய மாற்றத்தில் அந்தப் பிரசங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

பின்னர் அரசியல் மேடை வந்தது. தொடக்கத்தில் ஆங்கிலம் கற்றோர் ஆங்கிலம் கற்றோருக்காக ஆங்கிலத்திலேயே பேசினர். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றி, பெரம்பூர் ஆலைத் தொழிலாளர் கூட்டங்கூட்டமாகத் திரண்டபோது, அவர்களுக்கு ஆங்கிலச் சொன்மாரியால் ஆவது ஒன்றுமில்லை. அச்சங்கத்தோடு தொடக்கமுதல் ஒன்றியிருந்த திரு.வி.கலியாணசுந்தரனார் போன்றோர் இனிய தமிழில் அரசியலையும் பொருளாதாரத்தையும் எடுத்துரைத்தனர். கூட்டம் மாறியது, ஆகவே மேடையின் மொழியும் மாறியது.

அதற்குப் பிற்பட்ட இருவரை எண்ணிப் பாருங்கள். பெரியார் ஈ.வெ.ராமசாமி அவர்கள் திண்ணையில் அமர்ந்து அண்டை வீட்டாரோடு வழக்காடுவது போன்ற பேச்சு மொழியிலேயே மணிக்கணக்காகப் பேசினார். அறிஞர் அண்ணாதுரை அவர்களோ அடுக்கும் எதுகையும் மோனையும் அமைந்த உயர்நடையால் ஆயிரக்கணக்கானோரைக் கட்டி நிறுத்தினார். ஒருவர் தம் பேச்சால் கூட்டத்தாரின் அருகில் சென்று அமர்ந்தார். மற்றவர் கூட்டத்தாரைத் தம் தமிழின் உயரத்துக்கு அழைத்துச் சென்றார். வழி இரண்டாயினும், இருவரும் கேட்பவனை நினைந்தே தத்தம் நடையைத் தேர்ந்துகொண்டார்கள். தேர்ந்த பேச்சாளர் ஒருவர் ஒரே பேச்சுக்குள்ளேயே இந்த இரண்டையும் கையாள்வதைக் காணலாம். கொள்கையைச் சொல்லும்போது உயர்நடையில் நிற்பார். கதை சொல்லப் புகுந்தவுடன் பாத்திரங்களின் வாயில் ஊர்ப்பேச்சை வைப்பார். கதை முடிந்து கருத்துக்கு வரும்போது மறுபடி உயர்நடைக்கு ஏறுவார். அந்த இறக்கத்திலும் ஏற்றத்திலும் சபை அவரோடு கூடவே செல்கிறது.

இது தமிழுக்கு மாத்திரம் உரிய ஸ்வபாவமும் அன்று. வில்லியம் லபோவ் என்ற மொழியியல் அறிஞர் 1962இல் நியூயார்க் நகரத்தில் உயர்ந்தது, நடுத்தரமானது, மலிவானது என்று மூன்று தரத்துக் கடைகளுக்குச் சென்று, நான்காவது மாடியில் விற்கும் பொருளின் பெயரைச் சொல்லி, "அது எங்கே கிடைக்கும்?" என்று ஊழியர்களிடம் வினவினார். அவர்கள் "ஃபோர்த் ஃபுளோர்" என்று விடையளித்தனர். விளங்காதவர் போல் அவர் மறுபடி கேட்டதும், நிதானித்துத் திருத்தமாக அதையே சொன்னார்கள். அந்நகரத்தார் பலர் இச்சொற்களில் உயிரொலியை அடுத்து வரும் ரகரத்தை விழுங்கிவிடுவர். அதை ஒலிப்பது உயர்ந்த பேச்சுக்கு அடையாளமாகக் கருதப்பட்டது. உயர்தரக் கடையில் ரகரம் மிகுதியாகவும் மலிவுக் கடையில் குறைவாகவும் ஒலித்தது. இரண்டாம் முறை கவனித்துச் சொன்னபோது ரகரம் பெருகியது. ஒரே ஆளின் ஒரே விடை, ஒரு கணத்து இடைவெளியில் இரு விதமாக ஒலித்தது.

இதற்குக் காரணம் பேசுகிறவன் தன் பேச்சில் செலுத்தும் கவனமே என்று லபோவ் கருதினார். நியூசிலாந்து அறிஞர் ஆலன் பெல் அங்குள்ள வானொலிச் செய்தியாளர்களை ஆராய்ந்து, 1984இல் அதைவிட ஆழமான காரணம் ஒன்றை முன்வைத்தார். செய்தி வாசித்தவர்கள் அவர்களே, கட்டடமும் அதுவே, ஆனால் ஒரு நிலையத்துக்கு வாசிக்கும்போது ஒரு விதமாகவும், வேறு வகையான மக்கள் கேட்கும் மற்றொரு நிலையத்துக்கு வாசிக்கும்போது வேறு விதமாகவும் அவர்கள் உச்சரித்தார்கள். கண்ணுக்குத் தெரியாத நேயர் கூட்டமும் அவர்களுடைய நாவை ஆண்டது. பேச்சைப் பேசுகிறவன் தனியே உண்டாக்குவதில்லை. கேட்பவனும் சேர்ந்தே அதை உண்டாக்குகிறான்.

அன்பர்களே, இதுகாறும் இந்த ஆற்றலின் சிறப்பைக் கூறினேன். இதன் பெயரால் நடக்கும் அநீதிகளையும் கூறாமல் விடுவது தருமமாகாது.

வடமொழி நாடகங்களில் அரசன் சமஸ்கிருதம் பேசுவான். பெண்டிரும் ஏவலரும் பிராகிருதம் பேசுவர். காளிதாசனின் சாகுந்தலத்தில் துஷ்யந்தன் ஒரு மொழியில் பேச, சகுந்தலை வேறொரு மொழியில் மறுமொழி தருகிறாள். ஒருவர் பேச்சு ஒருவருக்கு நன்றாக விளங்குகிறது. நாடக மேடைக்கு அது ஓர் அழகு. ஆனால் இன்னாருக்கு இன்ன பேச்சே உரியது என்று பிறப்பைக் கொண்டு வாழ்க்கையிலும் வரம்பு கட்டிய கொடுமை நம் நாட்டில் நடந்திருக்கிறது. எழுபது வயது நிரம்பிய பண்ணையாளை, நிலக்கிழாரின் ஏழு வயது மகன் "டேய், இங்கே வாடா" என்று அழைப்பதும், அந்த முதியவர் மேல்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு "சாமி" என்று குனிந்து நிற்பதும் நம் கிராமங்களில் சகஜமாக இருந்தன. இதுவும் கேட்பவரைப் பொறுத்து மாறிய பேச்சுத்தானே என்று யாரும் சமாதானம் கூற வேண்டாம். சபையறிந்து பேசுவது கேட்பவரை மதிப்பது. இதுவோ கேட்பவரை அவமதிப்பது. வயதுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையைச் சாதியைக் காட்டி மறுத்த பேச்சு, எத்தனை தலைமுறை வழங்கியிருந்தாலும், வழக்கு என்ற பெயருக்குத் தகுதியுடையதன்று.

மற்றோர் அநீதி அலுவலகங்களில் நிகழ்வது. 1956இல் சட்டம் இயற்றித் தமிழை ஆட்சிமொழி ஆக்கினோம். அது நாம் பெருமை கொள்ளத்தக்க செயல். ஆயினும் முதியோர் உதவித் தொகைக்கு மனுச் செய்த ஒரு மூதாட்டி, தபாலில் வந்த தாளை எடுத்துக்கொண்டு சென்று எழுத்தர் முன் நிற்கும்போது, "பார்வையில் காணும் மனுவின்பால் கவனம் ஈர்க்கப்படுகிறது, உரிய சான்றாவணம் இணைக்கப்படாமையால் மனு திருப்பப்படுகிறது" என்று அவர் வாசித்துக் காட்டிவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தால், அந்த அம்மாளுக்கு அது எந்த நாட்டு மொழி? "பாட்டி, நீங்க குடுத்த மனு கிடைச்சிருச்சு, உங்க வயசுக்கு ஒரு அத்தாட்சி மட்டும் வேணும், அதை வாங்கிட்டு வாங்க" என்று சொல்ல எவ்வளவு நேரம் செல்லும்? கோப்பில் எழுத வேண்டிய தமிழைக் கோப்பில் எழுதுவது முறைதான். கோப்பிலுள்ள தமிழை மனிதர் முகத்துக்கு நேரே பேசுவது, அவரைப் பார்க்காமலே பேசுவதாகும். மருத்துவர் நோயாளியிடமும், வக்கீல் கட்சிக்காரரிடமும், விஞ்ஞானி உழவரிடமும் பேசும்போதும் இதே நியாயம் பொருந்தும். விளங்காத மொழியில் உண்மையைச் சொன்னவர் உண்மையைச் சொன்னவர் ஆகமாட்டார்.

மூன்றாவது அநீதி நம்முடைய வகுப்பறைகளிலேயே நிகழ்கிறது. "சார், நேத்து எங்க அய்யாகூட மாட்டுச் சந்தைக்குப் போயிட்டேன், அதான் வரல" என்று ஒரு சிறுவன் சொல்கிறான். அவன் சொன்னது தெளிவாக இருக்கிறது, பணிவாகவும் இருக்கிறது. அவனுடைய உச்சரிப்பைக் கேலி செய்து வகுப்பைச் சிரிக்க வைக்கும் ஆசிரியர், அவனுக்குச் செந்தமிழைக் கற்பிக்கவில்லை. தன் தாயும் தந்தையும் பேசும் பேச்சு இழிவானது என்ற பொய்யையே கற்பிக்கிறார். அதன்பின் அந்தச் சிறுவன் வகுப்பில் வாய் திறக்க அஞ்சுவான். வாய் திறக்க அஞ்சுகிறவனுக்கு எந்தத் தமிழும் வாராது. இதற்கு நேர்மாறாக, பேசுகிறபடியே எழுதினால் போதும், உயர்நடை வேண்டியதில்லை என்று சொல்லி அவனை அப்படியே விட்டுவிடுவதும் அன்பாகாது. பழைய இலக்கியத்தின் வாயிலும் சட்டத்தின் வாயிலும் உயர்கல்வியின் வாயிலும் திறக்கும் மொழியை அவனுக்குக் கொடாமல் மறுப்பது, அவனுடைய பிதிரார்ஜிதத்தில் பாதியைப் பறிப்பதற்குச் சமானம்.

ஆகையால் ஆசிரியப் பெருமக்களாகிய உங்கள் முன் ஒரு சிறு யோசனையை வைக்கிறேன். அந்தச் சிறுவனைச் சந்தைக்குப் போன கதையை முழுவதும் அவன் பேச்சிலேயே வகுப்புக்குச் சொல்லச் சொல்லுங்கள்; மாட்டின் சுழி பார்ப்பதையும், துண்டைப் போட்டு மூடிக்கொண்டு விரலைப் பிடித்து விலை பேசுவதையும் அவன் வாயால் வகுப்பு கேட்கட்டும். அடுத்து, அதையே தலைமையாசிரியருக்கு விடுப்பு விண்ணப்பமாக எழுதச் சொல்லுங்கள். பின்னர், வீட்டிலிருக்கும் சின்னஞ்சிறு தங்கைக்குச் சொல்வதானால் எப்படிச் சொல்வாய் என்று கேளுங்கள். ஒரே விஷயம் மூன்று சபைகளில் மூன்று வடிவம் கொள்வதை அவன் தானே காண்பான்; எந்த வடிவமும் இழிந்ததன்று, ஒவ்வொன்றுக்கும் உரிய இடம் உண்டு என்பதையும் தானே உணர்வான். இலக்கண நூற்பாக்கள் பல கற்பித்தும் விளங்காத தகுதி வழக்கு, அந்த ஒரு பாடவேளையில் அவனுக்கு விளங்கிவிடும்.

ஊர்ப்பேச்சை மறந்து செந்தமிழ் கற்றவன் தன் ஊராருக்குப் பயன்படமாட்டான். செந்தமிழ் கல்லாமல் ஊர்ப்பேச்சோடு நின்றவனுடைய குறை சபை ஏறாது. இரண்டையும் கையில் வைத்திருப்பவனே தன் மக்களுக்காக எந்தச் சபையிலும் எழுந்து நின்று பேச வல்லவன். அத்தகைய பிள்ளைகளை ஆண்டுதோறும் உங்கள் வகுப்புகளிலிருந்து இந்நாட்டுக்கு அனுப்பித் தாருங்கள் என்று உங்களைப் பணிந்து வேண்டிக்கொள்கிறேன்.